கம்பியும் கட்டையும்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். எங்கள் சித்தப்பா 1993-ல் வாங்கி, ஆலயத்தில் பத்து வருஷம் வாசித்த எலெக்ட்ரிக் கிட்டார் இப்போது என் கையில் இருக்கிறது. கம்பெனி பேர் உதிர்ந்துவிட்டது. அழுத்தினால் சுருதியை அசைக்கிற ட்ரெமோலோ கை தொலைந்துபோய், கம்பிகளின் அடிமுனையைத் தாங்குகிற பிரிட்ஜ் துருப்பிடித்து, அதன் மேல் கம்பி உட்காருகிற சாடில்களின் ஸ்க்ரூ ஒன்றுகூட அசையவில்லை. டியூனிங் கீ எல்லாம் ஆடுகிறது. ஆன்லைனில் கையும் பிரிட்ஜும் சேர்ந்த ஒரு புது ட்ரெமோலோ வாங்கிவிட்டேன். வைத்துப் பார்த்தால் ஆறு ஸ்க்ரூவில் நடுவில் உள்ள இரண்டு மட்டும்தான் பழைய ஓட்டையில் இறங்குகிறது. தெரிந்த ஒருவர், “பிரிட்ஜில் இருக்கிற ஓட்டையை அரத்தால் நீட்டிக்கோ, உட்காந்திரும்” என்கிறார். செய்யலாமா? கையில் இன்னும் 4,000 ரூபாய் இருக்கிறது. கேரல் ரவுண்ட்ஸுக்குள் தயாராக வேண்டும்.
- வாசகர், வள்ளியூர்

பதில்: அரத்தை எடுத்துவிடாதீர்கள் தம்பி. அந்த ஆறு ஓட்டைகளின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள், விளிம்பு சரிவாகக் கடைந்திருக்கும். ட்ரெமோலோ கையை அழுத்தும்போது பிரிட்ஜ் தட்டு முழுவதும் அந்த விளிம்பில்தான் சாய்கிறது, விட்டதும் அதே விளிம்பில்தான் நிமிர்கிறது. அதை அராவி நீட்டினால் தட்டு ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வந்து உட்காரும். அப்புறம் என்ன விலைக்குக் கீ வாங்கிப் போட்டாலும் சுதி நிற்காது.

உங்களுக்கு நேர்ந்தது அளவுப் பிசகுதான். முதல் ஸ்க்ரூவின் நடுவிலிருந்து ஆறாவது ஸ்க்ரூவின் நடுவரை அளந்தால், பழைய அமெரிக்க அளவில் 56 மி.மீ. சொச்சம் வரும். நீங்கள் வாங்கியது 52.5 மி.மீ. அளவாக இருக்கும். ஆசியாவில் செய்கிற பல பிரிட்ஜ்கள் இந்த அளவுதான். நடுவில் பொருத்தினால் ஒவ்வொரு ஓரத்திலும் கிட்டத்தட்ட 2 மி.மீ. விலகும். அதனால்தான் நடு இரண்டும் இறங்கி மற்ற நான்கும் இறங்கவில்லை. வாங்கிய இடத்தில் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்றால் முதலில் அதைச் செய்யுங்கள், 56 அளவு கிடைத்தால் மரத்தைத் தொடவே வேண்டாம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விரல் வைத்து வாசிக்கிற நெக் ஒடுக்கமாக இருந்தால் 56 அளவில் ஓரக் கம்பிகள் இரண்டும் ஃப்ரெட்டின் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையின்) விளிம்புக்கு வந்து, விரல் பட்டதும் வழுக்கி வெளியே போகும். பழைய பிரிட்ஜில் அப்படி நடந்ததா என்று சித்தப்பாவிடம் கேளுங்கள். நடந்தது என்றால் 52.5 உங்களுக்கு நல்லதுதான், ஓட்டையை அடைத்துப் புதிதாகப் போடுவோம்.

அடைப்பதற்குப் பல்குச்சியும் பசையும் போதும் என்று பலர் செய்கிறார்கள். கதவுக் கீலுக்கு அது போதும். இங்கே போதாது. 10 நம்பர் கனமுள்ள கம்பி ஆறையும் சுதி ஏற்றினால் மொத்தம் 46 கிலோ அளவுக்கு இழுவிசை, அது முழுவதும் அந்த ஆறு ஸ்க்ரூவின் கழுத்தில்தான். நான் அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைகிற பட்டறை ஒன்றில் சொல்லி, 6 மி.மீ. உருட்டுக் குச்சிகள் கடைந்து வாங்கி வைத்திருக்கிறேன். மஞ்சள் கடம்பு கேட்டால் மஞ்சள் கடம்பு, தேக்கு கேட்டால் தேக்கு. பழைய ஓட்டையை 6 மி.மீ. பிட் போட்டு நேராகத் துளைத்து, குச்சியின் உடம்பில் மரப்பசை தடவி, சுத்தியலின் மரப்பிடியால் தட்டி இறக்குங்கள். பசை பிதுங்கி மேலே வரும், ஈரத்துணியால் உடனே துடைத்துவிடுங்கள். ஒரு நாள் முழுவதும் அப்படியே கிடக்கட்டும். மறுநாள் மேலே நீட்டியதைச் சீவி உப்புத்தாள் போட்டால், விரலால் தடவும்போது மேடு தெரியக் கூடாது.

புது ஓட்டை எங்கே? பழைய ஓட்டையின் நேர்கோட்டிலேயே போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள், அளந்து போடுங்கள். நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் பள்ளத்தில் படிகிற துண்டு) 12-வது ஃப்ரெட்டின் நடுவரை அளந்தால் ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வடிவக் கிட்டாரில் 324 மி.மீ. வரும். அதன் இரட்டிப்பான 648-ல் ஒன்றாம் கம்பியின் சாடில் நிற்க வேண்டும். சாடிலை முன்னால் தள்ளி, பின்னால் வாங்க இடம் வைத்துக்கொண்டு தட்டை நிறுத்துங்கள். தடித்த கம்பிகளுக்குச் சாடில் இன்னும் பின்னால் போகும். இடவலம் சரிபார்க்க இரண்டு ஓரக் கம்பிகளை மட்டும் மாட்டி லேசாக இழுத்து, ஃப்ரெட் பலகையின் இரண்டு விளிம்பிலிருந்தும் ஒரே தூரம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம்தான் பென்சில் புள்ளி, அப்புறம்தான் பிட்.

இன்னும் ஒன்று, பின்மூடியைக் கழற்றி மரத்தின் கனத்தை அளந்துவிடுங்கள். 45 மி.மீ. இருந்தால் பயமில்லை. அந்தக் காலத்து மலிவுக் கிட்டார் பலவற்றில் 38, 40 தான் இருக்கும். புது ட்ரெமோலோவின் அடியில் தொங்குகிற இரும்புக் கட்டை நீளமாக இருந்தால் பின்பக்கம் துருத்திக்கொண்டு பெல்ட்டில் இடிக்கும். மூடியைக் கழற்றும்போது ஸ்பிரிங் மாட்டியிருக்கிற தகட்டில் ஒரு கறுப்பு வயர் பற்றவைத்திருக்கும். அது எர்த். அதை அறுத்துவிட்டால் கம்பியில் கை வைத்தும் ஆம்ப்பில் இரைச்சல் அடங்காது. ஆலயத்தில் ஜெப நேரத்தில் அந்த இரைச்சல் எப்படிக் கேட்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இனி அந்த 4,000 ரூபாய். கீ வாங்கத்தானே மனசு ஓடுகிறது? முதலில் நட்டுக்குச் செலவு செய்யுங்கள். இத்தனை வருஷத்தில் “ட்ரெமோலோ போட்டா சுதி நிக்க மாட்டேங்குதுக்கா” என்று என் பட்டறைக்கு வந்த கிட்டார்களில் பெரும்பாலானவற்றில் குற்றம் ட்ரெமோலோவில் இல்லை, நட்டில் இருந்தது. நீங்களே பாருங்கள். மூன்றாம் கம்பியை மெதுவாகச் சுதி ஏற்றும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்து சுருதி ஒரேயடியாகக் குதிக்கிறதா? கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்கி, பிறகு விடுபடுகிற சத்தம் அது. கையை அழுத்தும்போது கம்பி தளர்ந்து நட்டின் வழியாக நழுவுகிறது. விட்டதும் திரும்பி வரும் வழியில் சிக்கிக்கொண்டால் சுதி கூடியே நிற்கும். கம்பியைக் கழற்றி, பள்ளத்தில் 2பி பென்சிலால் நாலு இழு இழுங்கள், அந்தக் கரி நல்ல வழுவழுப்பு. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், தூசி சேர்ந்து பிசுக்காகிவிடும். 1993 கிட்டாரின் நட் அநேகமாக உள்ளே கூடான பிளாஸ்டிக். எலும்பு நட் ஒன்று வாங்கி, பழக்கமான கையிடம் கொடுத்துப் பள்ளம் போடச் சொல்லுங்கள். கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தினால், முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு தாள் நுழைகிற இடைவெளி இருக்க வேண்டும். அதுதான் சரியான ஆழம்.

கீ மாற்றும்போது பழைய துளையின் விட்டத்தை அளந்து வாங்குங்கள். இப்போது வருகிற கீ பலவற்றுக்கும் 10 மி.மீ. துளை வேண்டும், பழையதில் அதைவிடச் சிறிய துளையே இருக்கும். டிரில் மெஷினால் அகலப்படுத்தினால் பெயிண்ட் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். ரீமர் என்று கூம்பாக ஒரு கருவி உண்டு, கையால் திருகித் திருகி அகலப்படுத்துங்கள். லாக் வைத்த கீ வாங்க முடிந்தால் வாங்குங்கள். கம்பியைத் துளையில் விட்டு இழுத்து, பின்னால் உள்ள சக்கரத்தை இறுக்கினால் அரைச் சுற்றுக்குள் சுதி வந்துவிடும். சுற்று குறைந்தால் நழுவ இடமும் குறைகிறது. காசு போதவில்லை என்றால் சாதாரணக் கீயே போதும், இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் சுற்றாதீர்கள்.

கடைசி வேலை ஸ்பிரிங். இதில்தான் பலர் நாள் கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். ஒரு கம்பியைச் சுதி ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்கும், அதைச் சரிபண்ணினால் இது போகும். நான் செய்கிற விதம் இது. பின்பக்கம் இரும்புக் கட்டைக்கும் குழியின் வால்பக்கச் சுவருக்கும் நடுவில் ஒரு மரத்துண்டைச் செருகுங்கள். முன்னால் தட்டின் பின்விளிம்பு மரத்திலிருந்து 3 மி.மீ. உயர்ந்து நிற்கிற கனத்தில் அந்தத் துண்டைச் சீவிக்கொள்ள வேண்டும். இப்போது கம்பிகளின் இழுப்பைத் தாங்குவது மரத்துண்டு, தட்டு அசையாது. நிம்மதியாக ஆறு கம்பியையும் சுதி சேர்த்துவிடுங்கள். பிறகு ஸ்பிரிங் தகட்டின் இரண்டு ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றிக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்புளியால் இறுக்குங்கள். ஒரு கட்டத்தில் அந்த மரத்துண்டு தானாகத் தளர்ந்து உங்கள் உள்ளங்கையில் விழும். கம்பியின் பலமும் ஸ்பிரிங்கின் பலமும் சமமான இடம் அது. எத்தனையோ தடவை செய்துவிட்டேன், அந்தத் துண்டு விழுகிற நிமிஷம் எனக்கு இன்னும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

தட்டின் ஆறு ஸ்க்ரூவையும் அடிவரை இறுக்கிவிடாதீர்கள், தட்டு அசைய இடம் வேண்டும். பழைய பிரிட்ஜைத் தூக்கியும் போடாதீர்கள். துருவெடுக்கும் எண்ணெயில் ஒரு வாரம் ஊறட்டும், சாடில் ஸ்க்ரூக்கள் அசைந்துகொடுக்கும். சித்தப்பா கைபட்ட சாமான் அல்லவா?

கேள்வி: உவரியில் கடலுக்குப் பக்கத்து வீடு. புதிதாகப் போட்ட குரோம் பிரிட்ஜும் ஆறு மாதத்தில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்துவிட்டது. தங்க முலாம் போட்டது வாங்கினால் தாங்குமா அக்கா?
- வாசகி, உவரி

பதில்: தங்க முலாம் மிக மெல்லியது அம்மா. வலது கை உள்ளங்கை படுகிற இடத்தில் சீக்கிரம் தேய்ந்துபோகும், அப்புறம் அடி உலோகம் உங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு நேராக நிற்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சாடில் கேட்டு வாங்குங்கள், சின்ன ஸ்க்ரூக்களும் ஸ்டெயின்லெஸ் தானா என்று கேளுங்கள், துரு முதலில் பிடிப்பது அதில்தான். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பிக்கு அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்துவிட்டு, கேஸில் வைத்து மூடுங்கள். சுவரில் மாட்டி வைப்பது பாளையங்கோட்டையில் சரி, உவரியில் வேண்டாம். மாதம் ஒருமுறை சாடில் ஸ்க்ரூக்களில் தையல் மிஷின் எண்ணெய் ஊசி முனையால் ஒரு துளி. மரத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பாவின் கிட்டார் ஒன்று இருக்கிறது, அசையாத பிரிட்ஜ் போட்டது. ஃபிளாய்ட் ரோஸ் வகை ட்ரெமோலோ மாட்ட ஆசை. மரத்தைக் குடைந்து தர ஆள் இருக்கிறார். குடையலாமா?
- கல்லூரி மாணவர், கல்லிடைக்குறிச்சி

பதில்: வேண்டாம் தம்பி. ஏன் என்று சொல்கிறேன்.

நான் தொழில் தொடங்கிய புதிதில் ஒரு மாணவர் இதே ஆசையோடு வந்தார். அதுவும் அவர் அப்பா வாங்கிக் கொடுத்த கிட்டார்தான். எனக்கும் புது வேலை பழகுகிற வேகம். பின்பக்கத்தைத் திறந்து பார்க்காமல், மரம் என்ன மரம் என்று தெரியாமல் ரூட்டர் மெஷினை வைத்துவிட்டேன். உள்ளே ஒட்டுப்பலகை. கம்பியின் அதிர்வை வாங்குகிற பிக்கப்பின் குழிக்கும் நான் குடைந்த குழிக்கும் நடுவில் விரல் அகலச் சுவர்தான் நின்றது. கம்பி ஏற்றிய மறுநாள் அந்தச் சுவர் அடுக்கடுக்காகப் பிரிந்து, பிரிட்ஜின் ஒருபக்கத் தூண் முன்னால் சாய்ந்துவிட்டது. அவருக்கு வேறு கிட்டார் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் அது அப்பா கிட்டார் இல்லையே! அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனது எனக்கு இன்றைக்கும் வருத்தம். அன்றையிலிருந்து, திரும்பப் பழையபடி ஆக்க முடியாத எந்த வேலையையும் குடும்பக் கிட்டாரில் நான் செய்வதில்லை.

ஃபிளாய்ட் ரோஸ் மோசமான அமைப்பு இல்லை. 1970-களில் அந்தப் பெயருள்ள கிட்டார் கலைஞரே கண்டுபிடித்து, 1979-ல் காப்புரிமை பெற்றது. கம்பியை நட்டிலும் பிரிட்ஜிலும் இரண்டு முனையிலும் இறுக்கிப் பூட்டிவிடுவதால் நழுவுவதற்கே வழியில்லை. எவ்வளவு அமுக்கினாலும் சுதி திரும்பி வரும். ஆனால் அதற்குப் பின்பக்கமும் முன்பக்கமும் குடைய வேண்டும், நெக்கின் முனையையும் அரிந்து பூட்டு நட் வைக்க வேண்டும். தட்டு மரத்தில் படியாமல் மிதக்கிற அமைப்பு என்பதால் வாசிக்கும்போது ஒரு கம்பி அறுந்தால் மீதி ஐந்தும் சுதி ஏறிவிடும். கச்சேரி நடுவில் அது பெரிய சங்கடம்.

அப்பா கிட்டாரில் ட்ரெமோலோ கை மாட்டி அசைத்தே ஆக வேண்டும் என்றால் பிக்ஸ்பி வகை இருக்கிறது. பால் பிக்ஸ்பி என்ற அமெரிக்கர் மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை பார்த்தவர், 1940-களின் கடைசியிலோ 1950-களின் தொடக்கத்திலோ இதை உருவாக்கினார். ஒரு உருளையில் கம்பிகள் கோத்திருக்கும், கையை அழுத்தினால் ஒரே ஒரு தடித்த ஸ்பிரிங் அமுங்கி உருளை திரும்பும். தட்டையான முகமுள்ள கிட்டாருக்கு என்று தனி அளவு உண்டு, மேலேயே நாலு ஸ்க்ரூவில் நிற்கும். ஆழமாக அமுக்க முடியாது, மெல்லிய அசைவுதான் வரும். பாட்டின் கடைசி ஸ்வரத்தை அலையவிட அது போதும். பிற்காலத்தில் வேண்டாம் என்று தோன்றினால் கழற்றிவிட்டு நாலு ஓட்டையை அடைத்துக்கொள்ளலாம். சத்தத்தில் கைபோட வேண்டும் என்றால் உள்ளே உள்ள பொட்டென்ஷியோமீட்டரையும் (குமிழின் அடியில் உள்ள பாகம்) வயர் செருகுகிற ஜாக்கையும் மாற்றுங்கள். இரண்டு சுருள் உள்ள ஹம்பக்கர் பிக்கப்புக்கு 500கே (கிலோ ஓம்), ஒரே சுருள் உள்ள சிங்கிள் காயிலுக்கு 250கே. பழையதைக் கவரில் போட்டு வையுங்கள்.

கேள்வி: எங்கள் பாடகர் குழுவில் பெரிய வாக்குவாதம். ‘ட்ரெமோலோ’ என்றால் சத்தம் கூடிக் குறைவது என்று தியரி புத்தகத்தில் படித்திருக்கிறேன். கிட்டாரில் அசைவது சுருதிதானே? பேர் தப்பில்லையா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், நாசரேத்

பதில்: தப்புதான் அண்ணாச்சி, உங்கள் புத்தகம் சொல்வது சரி. சுருதி அசைந்தால் வைப்ராட்டோ, சத்த அளவு அசைந்தால் ட்ரெமோலோ. 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரை வெளியிட்ட லியோ ஃபெண்டர் தன் அமைப்புக்கு ட்ரெமோலோ என்றே பேர் வைத்தார், அது நிலைத்துவிட்டது. அவர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர், கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். அதே கம்பெனியின் ஆம்ப் பலவற்றில் சத்தத்தை அசைக்கிற குமிழுக்கு மேல் ‘வைப்ராட்டோ’ என்று எழுதியிருக்கும். இரண்டு பெயர்களும் இடம் மாறிவிட்டன. கடையில் கேட்கும்போது ட்ரெமோலோ என்றே கேளுங்கள், அப்போதுதான் எடுத்துத் தருவார்கள்.

என் அப்பா ஆர்மோனியம் பழுது பார்த்தவர். ரீடைச் சுரண்டிச் சுரண்டிச் சுருதி சேர்ப்பார். அவர் விட்ட இடத்தில் அந்த ஸ்வரம் அப்படியே நிற்கும், இம்மி நகராது. ‘இதுல கமகம் வராதுட்டி, அதுதான் இதுக்குக் குறை’ என்று சொல்லுவார். முதன்முதலாக ஒரு கிட்டாரின் ட்ரெமோலோ கையை நான் அழுத்தியபோது, நின்ற ஸ்வரம் குழைந்து இறங்கி, விட்டதும் திரும்பி வந்தது. அப்பாவைக் கூப்பிட்டு மறுபடி அழுத்திக் காட்டினேன். அவர் பின்மூடியைக் கழற்றச் சொல்லி, ஸ்பிரிங்குகளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தத் தொழில்.

கேள்வி: என் மகன் கிட்டார் வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. உறவினர் கொடுத்த பழைய கிட்டார். எந்நேரமும் அந்தக் கையைப் பிடித்து ஆட்டுகிறான், எந்நேரமும் சுதி சேர்த்துக்கொண்டே இருக்கிறான். படிப்பதற்கு நேரமில்லை. புதுசு வாங்க வேண்டுமா?
- ஒரு தாய், மேலப்பாளையம்

பதில்: வாங்க வேண்டாம். பின்மூடியைத் திறந்தால் மூன்று ஸ்பிரிங் இருக்கும். இன்னும் இரண்டு வாங்கி ஐந்தாக மாட்டி, தகட்டின் ஸ்க்ரூவை இறுக்கினால் தட்டு மரத்தோடு படிந்து நிற்கும். அதோடு, முன்பு சொன்ன மரத்துண்டு போல ஒன்றை இரும்புக் கட்டையின் இரண்டு பக்கமும் அழுத்தமாகச் செருகிவிட்டால் அசையாத பிரிட்ஜ் கிட்டார் மாதிரியே ஆகிவிடும். சுதி நிற்கும். பையன் விரல் பழகி, ஒரு வருஷம் கழித்து அவனே கேட்டால் துண்டுகளை உருவிவிடலாம். கழற்றிய கையைக் கிட்டார் பையின் சிறிய அறையில் போட்டு ஜிப்பை மூடி வையுங்கள். அதன் மறை அளவு கிட்டாருக்குக் கிட்டார் மாறும், தொலைந்தால் அதே அளவு தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.